ஊர்ப்பொதுவில் வைத்த பெயர்

எங்கள் ஓடைச்செவலில் போதும்பொண்ணுக்குப் பெயர் வைத்த அன்றைக்கு நான் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் ஊரில் ஆளாளுக்கு அதைச் சொல்லிச் சொல்லி, நானும் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்று பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. வெயிலுமுத்து வீட்டில் ஐந்தாவதும் பெண். எங்கள் பக்கத்தில் நாலைந்து பெண்ணுக்கு மேல் போய்விட்டால் கடைசியாகப் பிறந்ததற்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைப்பது வழக்கம்; கூப்பிடக் கூப்பிட அது மேலே இருக்கிற மந்தையம்மன் காதில் விழுந்து, சரி, இந்த வீட்டுக்குப் போதும்போல என்று அடுத்ததை ஆணாக அனுப்பிவைப்பாள் என்று நம்பிக்கை. சில வீட்டில் பலித்தது, சில வீட்டில் பலிக்கவில்லை, பலிக்காத வீட்டில் அடுத்து வந்தவளுக்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல் முழித்தார்கள்.

எங்கள் ஊர் அதில் ஒரு படி மேலே போனது. அந்த வருஷம் வெயிலுமுத்து வீட்டோடு சேர்த்துப் பதினோரு வீட்டில் வெறும் பெண்ணாகவே இருந்தது. வீட்டுக்கு ஒரு கிடா வெட்டக் கட்டுப்படியாகாது என்று எல்லா வேண்டுதலுக்கும் சேர்த்து ஒரே கிடாவை வெட்டிக் கூறுபோட்டுக்கொள்கிற ஊர் இது. அந்தப் பழக்கத்தில், பெயரையும் ஊர்ப்பொதுவில் வைத்துவிடுவோமே, பதினோரு வீட்டுக்கும் ஒரே பெயராகப் போகட்டும் என்று யாரோ சொல்ல, சிக்கனமான யோசனைக்கு எங்கள் ஊரில் என்றைக்கும் எதிர்ப்பேச்சு கிடையாது என்பதால் அப்படியே செய்தார்கள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து சுளகில் கொட்டி, அதன்மேல் துணி விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, பதினோரு வீட்டு ஆணும் பெண்ணும் சுற்றி நின்று, மூன்று தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். புளியமரத்துக் காக்கையெல்லாம் எழும்பிப் போய்ப் பொழுது சாயத்தான் திரும்பி வந்தது. பிள்ளை அழவில்லை, அப்போதே கெட்டிக்காரி என்று மெச்சினார்கள். அவளுடைய அம்மா சண்முகக்கனி மட்டும், அது பயந்துபோய் மூச்சடைத்துக் கிடக்கிறது என்றாள்.

மறுநாளிலிருந்து ஊரில் பெண் பிறக்கவில்லை.

பதினோரு வீட்டில் மட்டுமில்லை, நூற்றிநாற்பது வீட்டிலும் பிறக்கவில்லை. மனுஷருக்கு மட்டுமில்லை, மாடு போட்டால் காளைக்கன்று, ஆடு போட்டால் கிடாய்க்குட்டி, அடைவைத்த முட்டையெல்லாம் சேவலாகப் பொரிந்து, விடிகாலையில் முந்நூறு சேவல் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக் கூவ, முட்டைக்குப் பக்கத்து ஊர்க் கடைக்குப் போனோம். புதிதாக முளைத்த பனையெல்லாம் ஆண்பனையாக நின்றது, நுங்கு கிடையாது. பப்பாளி பூக்கும், காய்க்காது. பிழைக்கத் திருப்பூர் போனவர்களுக்கும் அங்கே ஆண்பிள்ளைதான் பிறந்தது. முதல் ஏழெட்டு வருஷம் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைப்பேறு என்று வந்தாலே பிள்ளை பிறக்கும் முன்பே மிட்டாய் வாங்கி வைத்துவிடுவோம். கிராம நர்ஸம்மா பதிவேட்டில் ஆண், ஆண் என்று எழுதிக் கை சலித்து, கடைசியில் அதற்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டார். ஊரில் ஸ்கேன் பார்த்து ஏதோ தப்பு நடக்கிறது என்று சந்தேகப்பட்டு ஒரு தடவை ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். வீடுவீடாக விசாரித்து, தொழுவத்தில் நின்ற காளைக்கன்றுகளையும் கூரைமேல் நின்ற சேவல்களையும் பார்த்துவிட்டு, என்ன எழுதுவதென்று தெரியாமல் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். எதுவும் பழகிவிட்டால் அதிசயம் இல்லை.

பழகாதது ஒன்றுதான். பெண் இல்லாமல் எந்தக் காரியத்தைச் செய்ய முடியாது என்பது, பெண் இல்லாமல் போன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

போதும்பொண்ணுக்கு மூத்தவர்கள் எல்லாம் ஒருத்தி பின் ஒருத்தியாகக் கல்யாணமாகி வெளியூர் போனார்கள். அவளுக்குப் பதினேழு வயதாகும்போது ஊரில் பிறந்த பெண் என்று ஊருக்குள் இருந்தது அவள் ஒருத்திதான். எங்கள் பக்கம் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போட்டால் மற்ற இரண்டு முடிச்சும் அவனுடைய தங்கச்சி போட வேண்டும். எங்களில் எவனுக்கும் தங்கச்சி இல்லை. ஆகவே கல்யாணம் எந்தத் தெருவில் நடந்தாலும் பின்னால் நின்று விளக்குப் பிடித்ததும் அவள்தான், முடிச்சுப் போட்டதும் அவள்தான். சாவு விழுந்தால் பெற்ற மகளாக நின்று அழ வேண்டும், அதற்கும் அவள். மந்தையம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வயதுக்கு வராத சிறுமிகள் முளைப்பாரி தூக்க வேண்டும், சிறுமிகளுக்கு எங்கே போவது, முப்பது வயதிலும் அவளே தூக்கினாள், அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைபெற்றவளுக்கு மருந்து இடிக்க, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே நின்று சமாதானம் சொல்ல, படுக்கையில் கிடக்கிற கிழவர்களுக்குக் கஞ்சி ஊட்ட, எல்லாவற்றுக்கும் தெருமுனையிலிருந்து அந்தப் பெயரை ஒரு கத்துக் கத்தினால் போதும், அவள் வந்துவிடுவாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு வருவாள். மூக்குத்தி போடப் போய் ஒரு பக்கம் குத்தியதும் கூப்பிட்டார்கள் என்று எழுந்து வந்தவளுக்கு மறுபக்கம் கடைசிவரை குத்தவில்லை.

அவளுக்கென்று ஒருவன் இருந்தான், அவளுடைய அத்தை மகன் கனகவேல். முறைமாப்பிள்ளை. ஆனால் அவனுக்குக் கொடுத்தால் அவன் லாரி ஓட்டுகிற ஓசூருக்கு அவளும் போய்விடுவாள், ஊரில் யார் இருப்பது? ஊர்த்தலைவர் சீனிராசு இரண்டு தடவை கனகவேல் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. அவன் கல்யாணத்துக்கும் அவளைத்தான் கூப்பிட்டோம். அவள் வந்து விளக்கைப் பிடித்தாள், பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் நின்று இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டாள், பந்தியில் பரிமாறினாள். நாங்களும் வெட்கமில்லாமல் சாப்பிட்டோம்.

ஒரே ஒரு தடவை அவள் ஊரைவிட்டுப் போனாள். விருதுநகர்ப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்து, விடுதியில் சேர்ந்து, மூன்றாம் நாள் கிழக்குத்தெருப் பெரியவர் ஒருவர் செத்துப்போக, அழ ஆள் வேண்டுமென்று வேன் பிடித்துப் போய்க் கூட்டிவந்துவிட்டோம். அந்த வேனில் நானும் போயிருந்தேன். வரும் வழியில் நான் சும்மா கேட்டு வைத்தேன்.

“அங்க எப்படிக்கா இருந்துச்சு?”

“தூங்குனேன் தம்பி. யாரும் கூப்பிடலை” என்றாள்.

அவள் மறுபடி போகப் பார்க்காமலில்லை, நாங்கள் விடவில்லை. ஊரில் இன்னொரு பெண் பிறந்து தலையெடுத்தால்தான் அவளை விட முடியும். அவள் அந்தப் பெயரோடு இருக்கிறவரை இன்னொரு பெண் பிறக்கப் போவதில்லை. இது எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வருஷம் ஓடியது. அவள் தலைமுடி நெற்றியோரத்தில் நரைத்தது.

கடைசியில் எங்களை அசைத்தது அவள் பாடு இல்லை, எங்கள் பாடுதான். வெளியூரில் எங்களுக்குப் பெண் கொடுக்க மறுத்தார்கள். நீங்க பொண்ணு எடுக்க மட்டும் வர்றீங்க, குடுக்க உங்க ஊர்ல ஒண்ணுமில்லையே, போறவளும் பொட்டப்பிள்ளை முகம் பார்க்காமலே கிடப்பா என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். முப்பதைத் தாண்டிய மாப்பிள்ளைகள் டீக்கடையில் வரிசையாக உட்கார்ந்து பத்திரிகை படித்தார்கள். சீனிராசுவின் பேரன்மார் இரண்டு பேரும் அந்த வரிசையில் சேர்ந்த பிறகுதான் ஊர்க்கூட்டம் கூடியது. மந்தையம்மன் கோயில் பூசாரி யோசித்துச் சொன்னார்:

“சேர்ந்து போட்டதைத் தனித்தனியாத்தான் எடுக்கணும். பதினோரு வீடும் பிடி அரிசி குடுத்துச்சில்ல? அந்த அரிசியை அந்தப் பிள்ளை கையால வீட்டுக்கு ஒருத்தர் திருப்பி வாங்கணும். அவ மனசோட குடுக்கணும். ஒருத்தர் வாங்கிட்டாலும் கட்டு விட்டுரும்.”

அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தவள், “குடுத்துட்டா நான் போகலாமா, பெரியப்பா?” என்றாள்.

“ஒரு பொட்டப்பிள்ளை பொறக்கட்டும் தாயி, நீ எங்க வேணாலும் போ. ஊரே கூடி பஸ் ஏத்தி விடும்” என்றார் சீனிராசு.

அன்றைக்கே அவள் ஒரு பையில் நாலு சேலையை மடித்து வைத்தாள் என்று பிறகு தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சமுதாயக்கூடத்தில் வைத்து நடந்தது. சுளகில் அரிசி, அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள். முதலில் வெயிலுமுத்து வந்தார். மனைவி போய், கால் ஒன்று இழுத்து, மகள் கையால் கஞ்சி குடிக்கிற மனுஷர். துண்டை ஏந்தினார். அவள் ஒரு பிடி அள்ளிக் கையை நீட்டினாள். அப்போது, கேட்க வேண்டுமென்று நினைத்துக் கேட்டாளோ, அசதியில் தானாக வந்துவிட்டதோ தெரியவில்லை.

“உங்களுக்கு இன்னும் எதுக்குப்பா பொண்ணு?” என்றாள்.

“என்னம்மா இப்படிக் கேக்குற? நீ போயிட்டா கடைசிக் காலத்துல என்னை யாரு பார்ப்பா? உன் தம்பி வழியில பேத்தின்னு ஒண்ணு வந்தாத்தான...”

கை திறக்கவில்லை. அவளும் விரிக்கப் பார்த்தாள், இன்னொரு கையால் விரலைப் பிரித்துப் பார்த்தாள், நர்ஸம்மா வந்து இழுத்துப் பார்த்தார், விரல்கள் ஒட்டிப்போய்க் கிடந்தன. பக்கத்தில் யாரோ தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினார்கள். வெயிலுமுத்து துண்டை மடக்கிக்கொண்டு ஒதுங்கியதும், தானாகத் திறந்து அரிசி சுளகிலேயே விழுந்தது.

சரி, பெற்றவர் என்பதால் அப்படி இருக்கும் என்று அடுத்தவரை விட்டோம். ஒவ்வொருவரிடமும் அவள் அதே கேள்வியைக் கேட்டாள், ஒவ்வொருவரும் யோசிக்காமல் பதில் சொன்னார்கள். முடிச்சுப் போட, விளக்குப் பிடிக்க, முளைப்பாரி தூக்க என்று சீனிராசு விரல்விட்டு அடுக்கினார், திறக்கவில்லை. நாங்க நாலு இடத்துல குடுத்தாத்தானே எங்களுக்கு நாலு இடத்துல எடுக்க முடியும் என்றார் ஒருவர். வீட்டுக்கு ஒரு லட்சணம் வேணும்ல, வாசல்ல கோலம் போடக்கூட ஆள் இல்லை என்றார் ஒருவர். நான் செத்தா வாய்விட்டு அழ ஒரு நாதி வேண்டாமா என்று ஒரு அம்மா அப்போதே அழுதாள். அவளோடு சேர்ந்து போதும்பொண்ணுக்கும் கண் கலங்கியது, கை மட்டும் திறக்கவில்லை. எங்கள் வீட்டுக்காக நான் போனேன். முந்தின பதில்களையெல்லாம் கேட்டிருந்தும், புத்திசாலித்தனமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்திருந்தும், அவள் முகத்தைப் பார்த்ததும் மனசில் இருந்ததுதான் வந்தது.

“அம்மாவுக்கு முடியலைக்கா. என் வீட்டுக்காரி ஒருத்தியே எத்தனைதான் பார்ப்பா? கூடமாட ஒத்தாசைக்கு...”

மூடிய அந்தக் கையை அவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டைவிரல் நகம் தேய்ந்து சதையோடு சதையாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தோடு போய் மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டேன்.

பத்து வீடும் முடிந்தபோது உச்சிவெயில். பதினோராவது வீட்டில் பெரியவர்கள் யாருமில்லை. அந்த வீட்டுப் பையனைக் கட்டி, கமுதிப் பக்கமிருந்து வந்த கௌசல்யா மட்டும்தான். அவளுக்கு இதெல்லாம் சரியாகத் தெரியாது. கூப்பிட்டு ஆள் அனுப்பியதும், இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பால்கறை படிந்த சேலையோடு வந்து, நாற்காலி இல்லாததால் போதும்பொண்ணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“உனக்கு எதுக்கு பொட்டப்பிள்ளை?” ஒரு பிடி அள்ளி நீட்டிய போதும்பொண்ணுவின் குரல், கேட்டுக் கேட்டுக் கம்மியிருந்தது.

கௌசல்யா வெகுநேரம் யோசித்தாள். சீனிராசு பொறுமையிழந்து, சொல்லும்மா என்றார்.

“எதுக்குன்னு கேட்டா என்னக்கா சொல்றது? பிள்ளைன்னா எதுக்காகவாச்சும் வருமா? ஒண்ணுக்கும் இல்லை. வந்தா வரட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும்.” மடியில் இருந்த பையன் சுளகைப் பிடித்து இழுத்தான், அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். “எனக்கு ஒரு பொண்ணு இருந்தா நல்லாருக்கும்னு தோணும். அவ்வளவுதான்க்கா.”

போதும்பொண்ணுவின் கை திறந்துகொண்டது. அரிசி முழுக்கக் கௌசல்யாவின் மடியில் விழுந்தது. யாரும் சத்தம் போடவில்லை, ஏனென்றால் போதும்பொண்ணு நாற்காலியில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்தபடி, அத்தனை பேருக்கு நடுவிலும் தூங்கிப்போயிருந்தாள்.

அந்த வாரமே ஒரு வெள்ளாடு பெட்டைக்குட்டி போட்டது. பப்பாளி காய் பிடித்தது. அடுத்த ஆனி மாதம் கௌசல்யாவுக்குப் பெண் பிறந்தது. நர்ஸம்மா ஸ்டாம்பை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் எழுதினார். ஊர் கொட்டுமேளம் வைத்தது, வெடி போட்டது, முப்பத்துநான்கு வருஷத்துக்கும் சேர்த்து மிட்டாய் வாங்கியது. கௌசல்யா வீட்டு வாசலில் வரிசை நின்று பிள்ளையைப் பார்த்தோம். பார்த்தவர்கள் சும்மா போகவில்லை. ஒருத்தி முளைப்பாரிக்குப் பாவாடை அளவெடுத்தாள். ஒருவர், ஆறு வயசானா விளக்குப் பிடிச்சிரலாம், என் சின்னப் பேரன் கல்யாணத்தை அதுவரைக்கும் தள்ளிப்போட்டா என்ன என்றார். பிறந்து ஒன்பது நாளான பிள்ளையிடம் போய், ஏளா, நான் செத்தா அழுவியா என்று கேட்ட கிழவிகூட உண்டு. கௌசல்யா சேலையால் பிள்ளையை இழுத்து மூடிக்கொண்டே இருந்தாள்.

பதினாறாம் நாள் பெயர்சூட்டு. பழைய தவறுக்குப் பரிகாரமாக இதையும் ஊர்ப்பொதுவில்தான் செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது. இந்தத் தடவை பதினோரு வீடு இல்லை, நூற்றிநாற்பது வீட்டு அரிசி. பெயரையும் கூட்டமே தேர்ந்தெடுத்தது, வேணும்பொண்ணு. எல்லாரும் சேர்ந்து சொல்வதற்கு முன்னால் பிள்ளையின் காதில் அத்தை ஒருத்தி பெயரைச் சொல்ல வேண்டும். ஊருக்கே இருக்கிற ஒரே அத்தை போதும்பொண்ணுதான். துணிப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்தாள். அரிசிக் குவியலையும், மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தத் தயாராக நின்ற எங்களையும் ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் பிள்ளையின் காதைச் சுற்றி மறைத்துக்கொண்டு, மூன்று தடவை சொன்னாள். எங்களுக்கு உதடு அசைந்ததுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த கௌசல்யாவுக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும், அவள் நிமிர்ந்து பார்த்து, சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“சொல்லியாச்சா? ம், எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கப்பா” என்றார் சீனிராசு.

“அந்தப் பேரு இல்லை, பெரியப்பா. வேற பேரு வச்சிட்டேன்.”

“வேற பேரா? என்ன பேரு?”

“அவகிட்ட சொல்லிட்டேன்.”

“எங்ககிட்ட சொல்லு தாயி.”

“அது அவ பேரு. நாளைக்கு அவளுக்குப் பேச்சு வரும், சொல்லணும்னு தோணுச்சுன்னா அவளே சொல்லுவா.”

கூடம் சலசலத்தது. பிறப்புப் பதிவில் பெயர் இல்லாமல் எப்படி என்று ஒருவர் கேட்க, அதுக்கு வருஷக்கணக்கா அவகாசம் இருக்கு, பிறகு சேர்த்துக்கலாம் என்று நர்ஸம்மா யாரையும் பார்க்காமல் சொன்னார். கௌசல்யாவைப் பார்த்தோம், அவள் வாயிலிருந்து தலைப்பை எடுக்கவில்லை.

“அப்ப அதுவரைக்கும் நாங்க எப்படித்தாம்மா கூப்பிடுறது?” சீனிராசுவின் குரல் கிட்டத்தட்ட அழுகையாக இருந்தது.

“கூப்பிடாதீங்க” என்றாள் போதும்பொண்ணு.

பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, கூடத்தைவிட்டு இறங்கி, ரோட்டைப் பார்த்து நடந்தாள். நாங்கள் வாசலுக்கு வந்து நின்றோம். பஸ் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருந்த ஊர், அப்படியே நின்றது. அடுப்பில் இருக்கிற சோறு, மேற்குத்தெருவில் இழுத்துக்கொண்டு கிடக்கிற கிழவர், வருகிற புதன்கிழமைக் கல்யாணம் எல்லாம் ஒவ்வொருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது, அவள் பெயர் எல்லார் வாயிலும் வந்து நின்றது, என் வாயிலும்தான். ஒரு தடவை கூப்பிட்டால் போதும், திரும்பிவிடுவாள், பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். நான் வாயைத் திறந்துவிட்டேன். அப்போது வெயிலுமுத்து, ஒரு கால் இழுத்த அந்த மனுஷர், பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டார். நகம் பதியும்படி பிடித்தார். யாரும் கூப்பிடவில்லை. பதினொன்றே முக்கால் பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.